50ஆ, 56ஆ, 85ஆ? லயத்துக் காம்பராவுக்கும் தேயிலை மலைக்கும் ஏற்ற போர்ட்ரெய்ட் லென்ஸ்

கேள்வி: "அண்ணே, என்னிடம் கெனன் ஆர்50, அதோடு வந்த 18-45 லென்ஸ் மட்டும்தான். இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் சடங்கு வீடு, கலியாணம், கோயில் திருவிழா எடுக்கிறேன். பின்னால் இருப்பது மங்கி, முகம் எடுப்பாகத் தெரியவேண்டும். 50 மிமீ எஃப் 1.8 வாங்கவா, காசு சேர்த்து 85 வாங்கவா, இல்லை அடப்டர் போட்டுப் பழைய லென்ஸ் எடுக்கவா?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கெனன் ஆர்எஃப் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். கையில் அதற்கு மேல் காசு இருந்தால் சிக்மா 56 மிமீ எஃப் 1.4, உங்கள் கமராவில் லென்ஸ் பூட்டும் ஆர்எஃப் மவுண்டில் வருவது. 85 உங்கள் வேலைக்கு இரண்டாவது லென்ஸாக வரலாம், முதலாவதாக வேண்டாம். அடப்டர் வழி, வீட்டில் ஏற்கெனவே பழைய கெனன் லென்ஸ் கிடந்தால் மட்டும்.

ஏன் என்று கேட்டால், லென்ஸ் பட்டியலை மூடிவைத்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். ஆர்50 இன் சென்சர் 22.3 x 14.9 மிமீ. முழுச் சட்டகக் (36 x 24 மிமீ சென்சர்) கமராவோடு ஒப்பிட்டால் 1.6 மடங்கு வெட்டு. 50 போட்டால் 80 போல, 56 போட்டால் 90 போல, 85 போட்டால் 136 போலத் தெரியும். "போர்ட்ரெய்ட் என்றால் 85" என்று எல்லாரும் சொல்வது முழுச் சட்டகக் கமராவை வைத்து. அந்த 85 க்கு உங்கள் கமராவில் நிகரானது 50 உம் 56 உம் தான்.

பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை, 10 x 12 அடி. சடங்குப் பிள்ளையைச் சுவரில் ஒட்டி இருத்தாமல் மூன்றடி முன்னுக்கு இருத்தி, நீங்கள் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றால், கமராவுக்கும் முகத்துக்கும் இடையில் மிஞ்சுவது ஏறக்குறைய 8 அடி, அதாவது 2.4 மீற்றர். கமராவை நிமிர்த்திப் பிடித்தால் அந்தத் தூரத்தில் 50 மிமீ க்குள் 107 சென்றிமீற்றர் உயரம் அடங்கும். தலையலங்காரத்தில் தொடங்கி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை. 85 போட்டால் 63 சென்றிமீற்றர்தான்: தலை, மாலை, அதோடு சரி. ஒட்டியாணம் கூட வராது. தாவணியும் ஜடையுமாகப் பிள்ளையை முழு உயரத்தில் எடுக்க, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு 175 சென்றிமீற்றர் வேண்டும் என்று வையுங்கள். 35 மிமீ க்கு 9 அடி, 50 க்கு 13 அடி, 56 க்கு 14 அடிக்குச் சற்று மேல், 85 க்கு 22 அடி பின்வாங்கவேண்டும். 22 அடி பின்வாங்கினால் இஸ்தோப்பை (முன் திண்ணையை) தாண்டி வாசலில் இறங்கி, சில லயங்களில் கானுக்குள்ளும் (வடிகாலுக்குள்ளும்) இறங்கிவிடுவீர்கள்.

அந்த வாசலையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். லயத்துக் காம்பராவில் ஜன்னல் சிறிது, கதவுதான் பெரிய வெளிச்சம். பிள்ளையைக் கதவு நிலைக்கு இரண்டடி உள்ளே, வெளியே பார்த்தபடி இருத்துங்கள். நீங்கள் வாசலில் நில்லுங்கள். மேகமூட்டமான வானம் முழுவதும் அந்தக் கதவு வழியே மென்மையான வெளிச்சமாக முகத்தில் விழும். பின்னால் காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால், அங்கிருக்கும் அலுமாரியும் கலண்டரும் இருட்டுக்குள் போய்விடும். அபேர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) அகலத் திறந்து மங்கவைப்பதைவிட இது சுத்தமான பின்னணி. நீங்களே கதவை மறைத்து நின்று வெளிச்சத்தை அடைக்காதபடி ஒரு பக்கமாக நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உட்சுவர் பச்சை, நீலம், ரோஸ் என்று எந்த நிறத்தில் இருந்தாலும் அந்தச் சாயல் கன்னத்தில் ஏறும். வெள்ளைத் தாளை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து கஸ்டம் வைட் பெலன்ஸ் அமைத்துவிட்டால் பிறகு தோல் நிறத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இனி மங்கல் விஷயம். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைத் தீர்மானிப்பது எஃப் எண் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குவியத் தூரத்தை (50, 85 என்று சொல்லும் மிமீ எண்ணை) எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள், லென்ஸின் திறந்த வாய் எத்தனை மில்லிமீற்றர் என்று தெரியும். உங்கள் 18-45 ஐ 45 இல் வைத்தால் எஃப் 6.3, அதாவது 7 மிமீ வாய். 50 எஃப் 1.8 க்கு 28. 56 எஃப் 1.4 க்கு 40. 85 எஃப் 2 க்கு 42 சொச்சம். மிகத் தொலைவிலுள்ள ஒரு புள்ளி வெளிச்சம், முகம் இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால், இதே விட்டமுள்ள வட்டமாக விரியும். ஆக 50 மிமீ இல் எதிர்மலை விளக்கு ஒன்று, முகத்துப் பக்கத்தில் வைத்த 28 மிமீ காசு அளவு தெரியும். கிட் லென்ஸில், அதாவது கமராவோடு வந்த 18-45 இல், அது சட்டைப் பொத்தானைவிடச் சிறிது.

"மிகத் தொலைவில்" என்பதுதான் இங்கே கணக்கு. ஆள் 3 மீற்றரில், தேயிலைச் செடி அவருக்கு 1 மீற்றர் பின்னால் என்றால், அந்த 28 இல் நாலில் ஒன்றுதான் கிடைக்கும்: 7 மிமீ. அதாவது புது லென்ஸ் வாங்கியும், கிட் லென்ஸில் தூரத்து மலையை வைத்து எடுத்த அதே அளவு மங்கல். கொழுந்துச் செடிக்கு நடுவே ஆளை நிறுத்தி எடுத்துவிட்டு "மங்கவில்லை" என்று லென்ஸைக் குறை சொல்லக்கூடாது. ரோட்டோரத்தில், சரிவு கீழே விழும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பின்னால் அடுத்த மலை, நடுவில் பள்ளத்தாக்கு, குறைந்தது சில நூறு மீற்றர் இடைவெளி. சமதரையில் இருப்பவர்கள் 85 எஃப் 1.4 க்குக் காசு கொட்டித் தேடும் இடைவெளி மலையகத்தில் சும்மா கிடக்கிறது. அதனால்தான் இங்கே 50 எஃப் 1.8 போதும் என்று துணிந்து சொல்கிறேன்.

மங்கலுக்கு மறுபக்கம், கூர்மை நிற்கும் ஆழம். ஆர்50 இல் 50 மிமீ, எஃப் 1.8, ஒன்றரை மீற்றர் தூரம்: முன்னும் பின்னும் சேர்த்து 6 சென்றிமீற்றர். 56 எஃப் 1.4 ஐ அதே தூரத்தில் திறந்தால் 4 சென்றிமீற்றருக்கும் குறைவு. முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே ஒரு கண் கூராகவும் மற்றக் கண் மங்கலாகவும் வரும். மணமக்கள் இருவரும் என்றால் இரண்டு பேரின் கண்ணும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்தி எஃப் 2.8 க்கு வாருங்கள், ஆழம் ஒன்பதரை சென்றிமீற்றர் ஆகும். குடும்பமாக இரண்டு வரிசை நின்றால் தூரம் தள்ளி எஃப் 5.6, அங்கே கிட் லென்ஸே போதும். கமராவில் ஆட்களைக் கண்டறியும் முறையையும் கண் கண்டறிதலையும் போட்டு, ஃபோகஸ் ஆளைத் தொடர்ந்து பின்பற்றும் சேர்வோவில் விடுங்கள். நீங்கள் மூச்சு விடும்போது முன்பின் அசைவதே இரண்டு சென்றிமீற்றர் வரும். ஒரு தரம் ஃபோகஸ் பிடித்து நிற்கும் வன் ஷொட்டில் பூட்டிவிட்டுச் சட்டகத்தைத் திருப்பினால் தப்புவது அந்த அசைவினால்தான்.

வெளிச்சக் கணக்கில் லாபம் பெரிது. எஃப் 6.3 இலிருந்து எஃப் 1.8 க்கு வந்தால் 12 மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்வு) 6400 கேட்ட இடத்தில் 500 சொச்சம் போதும். ஆனால் ஆர்50 உடம்புக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை, ஆர்எஃப் 50 இலும் இல்லை. நீங்கள் இப்போது பாவிக்கும் 18-45 இல் அது இருக்கிறது. அதனால் பழைய பழக்கத்தில் 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் அமுக்கினால் படம் கலங்கும். நிற்கும் ஆளுக்கு 1/125, ஓடியாடும் பிள்ளைக்கு 1/250 என்று பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விடுங்கள். மண்டபத்து எல்இடி விளக்குக்குக் கீழே படத்தில் இருட்டுப் பட்டை விழுந்தால் 1/100 க்கோ 1/50 க்கோ இறங்குங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தரம் துடிக்கும், அதற்குப் பொருந்துவது இந்த வேகங்கள். அங்கே சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரைத் தொடவே வேண்டாம்.

ஷட்டர் பேச்சு வந்ததால், ஆர்50 வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. இந்தக் கமராவில் முழு மெக்கனிக்கல் ஷட்டர் இல்லை. தொடக்கம் சென்சரில் மின்முறையில், முடிவு மட்டும் நிஜத் திரையால். மின்முறைத் தொடக்கம் சென்சரின் முகத்திலேயே நடக்கிறது, திரையோ அதற்குச் சற்று முன்னால் ஓடுகிறது. அபேர்ச்சர் அகலமாகத் திறந்து வேகமும் கூடும்போது, சாய்ந்து வரும் ஒளிக் கூம்பின் ஓரத்தை அந்தத் திரை கொஞ்சம் வெட்டிவிடும். 1/2000 க்கு மேல் எஃப் 1.4, 1.8 இல் பின்னணி வட்டங்கள் ஒரு பக்கம் நறுக்கினாற்போல் வருவது இதனால். லென்ஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

நல்ல வெயிலில் இது கட்டாயம் தட்டும். ஐஎஸ்ஓ 100 இல் எஃப் 1.8 க்கு 1/8000 அளவில் வேண்டிவரும், இந்த ஷட்டரின் எல்லை 1/4000. வழி இரண்டு: எஃப் 2.8 க்குச் சுருக்குங்கள், அல்லது 43 மிமீ அளவில் வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் ஒரு என்டி8 பில்டர் வாங்குங்கள். அது மூன்று ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து 1/1000 பக்கம் கொண்டுவரும். நேர்வெயிலில் போர்ட்ரெய்ட் எடுப்பதே அவ்வளவு நல்லதில்லை என்பது வேறு கதை. மூடுபனியோ மேகமோ வரும் வரை பத்து நிமிடம் பொறுத்தால் நம் பக்கத்தில் அனேகமாக வந்துவிடும்.

ஆர்எஃப் 50 ஐப் பற்றி வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை: 160 கிராம், 43 மிமீ பில்டர், கிட்டத்துக் குவியம் 30 சென்றிமீற்றர். ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். நீண்டிருக்கும்போது எங்காவது இடித்தால் உள்ளிருக்கும் பல்சக்கரத்துக்குத்தான் அடி. கமராவை அணைத்து, குழல் உள்ளே போன பிறகே பைக்குள் வையுங்கள். ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) பெட்டியில் வராது, இஎஸ்-65பி என்று தனியாக வாங்கவேண்டும். வாங்குங்கள். முன்குழலுக்கு அதுதான் காவல், பனிநாளில் வெளுத்த வானம் உள்ளே புகுந்து படத்தைச் சோகை பிடித்ததுபோல் ஆக்காமலும் அது தடுக்கும். எஃப் 1.8 இல் வெள்ளைச் சேலையின் சரிகை ஓரத்தில், நனைந்த தேயிலை மினுங்கும் இடத்தில் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் கசியும். எஃப் 2.2 இல் குறையும், 2.8 இல் அனேகமாகப் போய்விடும். மூலைகளில் வட்டங்கள் பூனைக்கண் வடிவாக நீளும், அதற்கு மருந்தில்லை. வீடியோவில் மோட்டார் சத்தம் கமரா மைக்கில் ஏறும்.

சிக்மா 56 இவற்றில் பலவற்றை மிஞ்சும். எஃப் 1.4 இலேயே கண்ணிமை மயிர் தனித்தனியாக நிற்கும், ஹூட் பெட்டியிலேயே வரும், 300 கிராமுக்குள் அடங்கும். 2018 இலிருந்து மற்றக் கமராக்களுக்கு இருந்த லென்ஸ் இது. கெனன் 2024 இல் ஆர்எஃப் மவுண்டை அவர்களுக்குத் திறந்துவிட்ட பிறகுதான் நமக்கு வந்தது. குறை என்றால் கிட்டத்துக் குவியம் 50 சென்றிமீற்றர்: மெட்டி, மருதாணிக் கை, தாலி என்று நெருங்கினால் போதாது. இதிலும் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை. விலை ஆர்எஃப் 50 ஐவிட இரண்டு மடங்குக்கும் கூட. மேலதிகமாகக் கிடைப்பது முக்கால் ஸ்டொப் வெளிச்சமும் அந்தக் கூர்மையும். அந்த வித்தியாசக் காசில் ஒரு சிறு பிளாஷும் குடையும் ஸ்டாண்டும் வாங்கினால், சடங்கு வீட்டில் அதுதான் அதிக வேலை செய்யும் என்பது என் கணிப்பு. வெளிக்களப் போர்ட்ரெய்ட் மட்டுமே தொழில் என்றால் சிக்மா.

ஆர்எஃப் 85 எஃப் 2 மேக்ரோ நல்ல லென்ஸ்தான். நடுக்கக் கட்டுப்பாடு உண்டு, நகை எடுக்கப் பாதி அளவு மேக்ரோவும் உண்டு. 500 கிராம், சின்ன ஆர்50 இல் முன்பாரம். கோயில் முன்றலில் கூட்டத்துக்கு வெளியே நின்று பூசாரியின் முகத்தைப் பிடிக்க அருமை. ஆனால் ஃபோகஸ் தப்பினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை உருண்டு திரும்பும், காமன் கூத்து போன்ற இரவு ஆட்டத்தில் அது எரிச்சல். வீட்டுக்குள் வேலை கூட என்று கண்டால் 85 க்கு முன் ஆர்எஃப் 35 எஃப் 1.8 ஐ நினையுங்கள், ஆனால் அதை வைத்து முகத்துக்கு ஒரு மீற்றருக்குள் போகாதீர்கள். மூக்கு பெருப்பது லென்ஸால் அல்ல, கிட்டப் போவதால். ஒன்றரை மீற்றரில் நின்றால் எந்த லென்ஸிலும் முகம் முகமாக இருக்கும்.

அடப்டர்: கெனன் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடப்டரில் பழைய இஎஃப் லென்ஸ்கள் ஓட்டோ ஃபோகஸோடு ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் அடப்டர் காசையும் கூட்டினால் பழைய இஎஃப் 50 எஸ்டிஎம், புது ஆர்எஃப் 50 இன் விலைக்கே வந்து நிற்கும். 1990 இல் வந்த "50 எஃப் 1.8 டூ" மலிவாகக் கிடைக்கும், அபேர்ச்சரில் ஐந்து தகடு என்பதால் சுருக்கியதும் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாகும், மோட்டாரும் கரகரக்கும். 1992 இன் இஎஃப் 85 எஃப் 1.8 கூர்மையும் வேகமும் உள்ளது, ஊதாச் சாயம் மட்டும் தாராளம். கையால் திருப்பும் சீன லென்ஸ்கள், டிடிஆர்டிசன் 50 எஃப் 1.2 போன்றவை, பொறுமையாக இருத்தி எடுப்பதற்குச் சரி. லென்ஸ் இல்லாமல் ஷட்டர் விடும் அமைப்பை மெனுவில் திறக்காவிட்டால் கமரா அசையாது. தாலி கட்டும் நேரத்தில் அதை நம்பி நிற்காதீர்கள்.

வேறு கமரா வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. சோனி ஏ6400, இசட்வி-இ10 போன்றவற்றில் உடம்புக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே லென்ஸிலேயே அது உள்ள "இ 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ்" பாருங்கள். "எஃப்இ 50 எஃப் 1.8" என்பது வேறு லென்ஸ்: ஓஎஸ்எஸ் இல்லை, ஃபோகஸ் மந்தம், பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாறி வாங்குகிறார்கள். நிக்கோன் இசட்50, பியூஜி எக்ஸ் இரண்டுக்கும் வில்ட்ரொக்ஸ் 56 எஃப் 1.7 மிக மலிவு, 170 கிராம்தான். பழைய நிக்கோன் ஏஎஃப்-டி லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடப்டரில் ஓட்டோ ஃபோகஸ் ஆகாது, ஏஎஃப்-எஸ் ஆகும். ஒலிம்பஸ், பனசொனிக் சிறு சென்சருக்கு ஒலிம்பஸ் 45 எஃப் 1.8, 116 கிராம், வேறு யோசிக்கத் தேவையில்லை.

காசு கொடுக்குமுன் ஒரு வாரம் கிட் லென்ஸை 45 இல் நிறுத்தி, வளையத்தைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். கால் எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். 50 இல் அதைவிடக் கொஞ்சம் கூட முட்டும். பழையதை வாங்குவதென்றால் லென்ஸின் பின்புறமிருந்து டோர்ச் அடித்து, முன்புறம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டு ஓடினால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். இரண்டொரு தூசி பரவாயில்லை. பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டி எஃப் 1.8 இல் நேராக எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்குங்கள். நாலும் ஒரேயளவு மந்தம் என்றால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் விழுந்து அச்சு விலகியது. புதிதென்றால் ஏஜென்ட் வாரன்டியா கடை வாரன்டியா என்று கேட்டு, பில்லில் தொடர் இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

வாங்கியபின் நம் பக்கத்து எதிரி ஈரம். அட்டன், நுவரெலியாச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையில், கமராப் பைக்குள்ளேயே பூஞ்சணம் வளரும். தோல் உறையையும் பஞ்சு வைத்த பையையும் வீட்டில் சேமிக்கும் இடமாகப் பாவிக்காதீர்கள். ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், ஒரு சிறு ஈரமானி. முள் 40 முதல் 50 வீதத்துக்குள் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறியதும் கேக் சுடும் அவனில் 110-120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணித்தியாலம், அவன் இல்லாவிட்டால் சமையலுக்கு எடுக்காத தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறி எடுங்கள். அரிசி போடும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், அதன் மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.

விடியற்காலைக் குளிரில் எடுத்துவிட்டு, அடுப்பெரியும் வீட்டுக்குள்ளோ ஆள் நிறைந்த மண்டபத்துக்குள்ளோ நுழையும்போது கண்ணாடி வியர்க்கும். வாசலிலேயே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, 20 நிமிடம் கழித்துத் திறங்கள். வியர்வை பைக்கு மேலேதான் படியும். மூடுபனியில் முகம் கறுத்து வந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டொப்போ ஒரு முழு ஸ்டொப்போ கூட்டுங்கள். வெள்ளைப் பனியைப் பார்த்து கமராவின் ஒளிமானி ஏமாறுகிறது. ஃபோகஸ் அலைந்தால் பொட்டின் விளிம்பிலோ மூக்குத்தியிலோ புள்ளியை வையுங்கள், பிடித்துக்கொள்ளும்.